சும்மா சிரிக்கத்தானே, இதுல என்ன பிரசாரம்?

மதுரை ஐயர் பங்களா பக்கமிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "அண்ணே, எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல மாமா ஒருத்தர் விடிஞ்சதும் அரசியல் மீமா அள்ளிப் போடுவார். சித்தப்பா உடனே எதிர் மீம் போடுவார். ரெண்டு பேரும் யாருக்கு ஓட்டுப் போடுவாங்கன்னு ஊருக்கே தெரியும், அது மாறினதே இல்ல. அப்புறம் எதுக்கு இதைப் போய் பிரசாரம், மூளைச்சலவைன்னு பெருசாப் பேசுறாங்க? மீம் பார்த்து யாராச்சும் ஓட்டை மாத்துவாங்களா?"

தம்பி, உங்க மாமாவும் சித்தப்பாவும் மாற மாட்டார்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த மீமைச் செய்தவன் அவர்களை மனதில் வைத்துச் செய்யவில்லை. அதே குரூப்பில் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பீர்களே, நீங்களும் உங்க அத்தை பிள்ளைகளும், குறி அங்கேதான்.

நான் டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் டிடிபி, ஃப்ளெக்ஸ் டிசைன் வேலை பார்ப்பவன். சுவரொட்டிக் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். தேர்தல் வந்தால் எல்லாக் கொடிக்காரர்களும் படியேறி வருவார்கள், எல்லாருக்கும் வேலை செய்து கொடுத்திருக்கிறேன். இந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மீமைப் பார்த்து அன்றைக்கே ஓட்டை மாற்றியவரை நான் அதிகம் கண்டதில்லை. மீம் செய்வது வேறு வேலை. அது ஒரு ஆளை, ஒரு கூட்டத்தை நமக்கு அறிமுகம் செய்து வைக்கிறது. அவரை ஏற்கெனவே நேரில் தெரிந்திருந்தால் மீம் அவர்மேல் சரியாக ஒட்டாது. தெரியாதவர் என்றால் மீமில் பார்த்த முகமே அவர் முகமாகிவிடும். இதற்கு ரெண்டு பக்கமும் உதாரணம் நம்ம ஊரிலேயே இருக்கிறது.

முதல் உதாரணம் தெர்மாகோல். 2017 ஏப்ரல் 21. கடும் வறட்சி. வைகை அணையில் மிச்சம் இருந்த தண்ணீர் ஆவியாகாமல் இருக்க, தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி நீரில் மிதக்கவிட்டார் அப்போதைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜு. காற்று அடித்தது. அட்டையெல்லாம் கரைக்கே திரும்பி வந்துவிட்டது. கேமராக்கள் அங்கேயே நின்றன. அன்று சாயங்காலத்துக்குள் தமிழ்நாடே சிரித்தது. நீர்ப்பரப்பை மூடி ஆவியாதலைக் குறைப்பது ஒன்றும் பைத்தியக்கார யோசனை இல்லை. 2015-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். நம்மாட்கள் செய்த விதம் சரியில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த விளக்கத்தை யார் கேட்டார்கள்? 'விஞ்ஞானி' என்ற பட்டம் விழுந்தது விழுந்ததுதான். இன்றைக்கும் எங்கே தண்ணீர்ப் பிரச்சினை என்றாலும் அந்தப் படம் எழுந்து வருகிறது.

இத்தனை சிரிப்புக்குப் பிறகு 2021-இல் தேர்தல் வந்தது. மாநிலத்தில் ஆட்சியே மாறியது. மதுரை மேற்கில் அவர் மூன்றாவது முறையாக ஜெயித்தார். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் அவரைத் தெர்மாகோலாக மட்டும் தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தொகுதியில் ஓட்டு இல்லை. ஓட்டு இருந்தவர்களோ அவரைக் கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் பார்த்தவர்கள். அவர்களும் அந்த மீமுக்குச் சிரித்தவர்கள்தான். சிரித்துவிட்டுப் போய் ஓட்டுப் போட்டார்கள். போடாதவர்களும் வேறு காரணத்துக்காகத்தான் போடவில்லை.

அடுத்த உதாரணம் கேப்டன். திருமங்கலத்தில் பிறந்து, மதுரையில் வளர்ந்து, கட்சியையும் 2005 செப்டம்பரில் மதுரையிலேயே தொடங்கினார் விஜயகாந்த். 2006-இல் தனியாக நின்று சுமார் 8.4 சதவீத ஓட்டு வாங்கினார். 2011-இல் 29 இடம் பிடித்து எதிர்க்கட்சித் தலைவரானார். 2016-இல் கட்சிக்கு 2.4 சதவீதம், உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போனது. இந்தச் சரிவுக்கு மீம்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். கூட்டணி முறிந்தது, எம்.எல்.ஏ.க்கள் எதிர் முகாம் பக்கம் சாய்ந்தார்கள், கடைசியில் சேர்ந்த மூன்றாவது அணியும் கைகொடுக்கவில்லை. இவையெல்லாம் பெரிய காரணங்கள்.

ஆனால் அந்த வருடங்களில் நம் போன்களுக்கு வந்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். உடம்பு சரியில்லாமல் போய், நாக்கு குழற ஆரம்பித்த காலம் அது. ஒரு மணி நேரப் பேச்சில் குழறிய சில நொடிகளை மட்டும் வெட்டி எடுத்து, வடிவேலு முகத்தை ஒட்டி, குடித்துவிட்டுப் பேசுகிறார் என்று தலைப்புப் போட்டுச் சுற்றவிட்டார்கள். வெட்டியவர்கள் எல்லாரும் கட்சிக்காரர்கள் இல்லை. பாதிப் பேர் லைக்குக்காகச் செய்த பையன்கள். 2016-இல் முதல் ஓட்டுப் போட்ட பிள்ளைக்கு 2005-இல் ஏழு வயது. அவர் அலுவலகத்தில் போனவன் வந்தவனுக்கெல்லாம் சோறு போட்டதை அந்தப் பிள்ளையின் அப்பாவுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. அது அந்த மனிதரை முதன்முதலாகப் பார்த்ததே அந்த வெட்டுத் துண்டில்தான். 2023 டிசம்பர் 28-ஆம் தேதி அவர் இறந்தபோது, அவரை வைத்து மீம் போட்டதற்காக வருந்தி எழுதிய பதிவுகள் அன்று முழுக்க வந்துகொண்டே இருந்தன. எனக்கு அன்று கோபம்தான் வந்தது. உடம்பு சரியில்லாத மனிதரின் நாக்கைக் கேலி செய்ததை உணர ஒரு சாவு வேண்டியிருந்ததா?

செல்லூர் ராஜு மீது விழுந்த கேலி அவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றியது. கேப்டன் மீது விழுந்தது ஆளைப் பற்றியது. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். காரியத்தைக் கேலி செய்தால் அவர் பதில் சொல்லலாம், அடுத்த முறை நன்றாகச் செய்து காட்டலாம். ஆளையே கேலிப்பொருளாக்கிவிட்டால் அவர் வாயைத் திறப்பதே அடுத்த மீமுக்கு டெம்ப்ளேட் ஆகிவிடும்.

சிரிப்புக்கும் நம்பிக்கைக்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ச்சிக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் மேடையில் நின்று வாதம் செய்தால் நம் மனசு கூடவே எதிர்வாதம் செய்யும். நகைச்சுவையாகச் சொன்னால், 'சும்மா தமாஷுக்கு' என்று மனசு எதிர்வாதத்தை விட்டுவிடுகிறது. ஆனால் விஷயம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது, நாள் போகப் போக அதன் பிடி கூடவும் கூடும் என்று 2007-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இன்னொன்று அதைவிடப் பழசு. 1977-இல் நடந்த சோதனை: ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால், உண்மையோ பொய்யோ, ஜனம் அதை உண்மை என்று கூடுதலாக மதிப்பிடுகிறது. உங்க குரூப்பில் ஒரே கேலி ஆறு வேறு படத்தில் வருகிறதே, அதன் வேலை இதுதான்.

மதுரைக்காரனுக்கு இந்தக் கலை புதுசும் இல்லை. காதுகுத்துக்கும் போஸ்டர், கண்ணீர் அஞ்சலிக்கும் போஸ்டர் அடிக்கிற ஊர் நம்மளது. தலைவரின் தலையைச் சினிமா நாயகன் உடம்பில் ஒட்டி, கீழே பஞ்ச் வசனம் போட்டு, எதிர்க் கோஷ்டி வீட்டுச் சுவரிலேயே ஒட்டிவிட்டு வந்த காலத்தில் மீம் என்ற சொல்லை யாரும் கேள்விப்பட்டதில்லை. இன்னும் பின்னால் போனால் திருமங்கலத்தில் வாழ்ந்த தியாகி விஸ்வநாத தாஸ் இருக்கிறார். வள்ளி திருமண நாடகத்தில் தினைப்புனத்துப் பறவையை விரட்டுகிற இடத்தில், வெள்ளைக் கொக்கு என்று வெள்ளைக்காரனைச் சொல்லிப் பாடுவார். காட்சி எல்லாருக்கும் தெரிந்தது, பொருள் மட்டும் புதுசு. மிச்சத்தைச் சபையே பூர்த்தி செய்துகொள்ளும். இன்றைய டெம்ப்ளேட்டும் இப்படித்தான் ஓடுகிறது. போலீஸ் அவரைத் திரும்பத் திரும்பக் கைது செய்தது. 1940 டிசம்பர் 31 அன்று மேடையிலேயே உயிர் போனது.

விஸ்வநாத தாஸ் மேடையில் முகத்தைக் காட்டிப் பாடினார். சுவரொட்டியிலும் ஆள் தெரியும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? தேர்தல் நோட்டீஸோ சுவரொட்டியோ அடித்தால் அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், முகவரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். தேர்தல் நேரத்தில் எங்கள் தெருவில் அச்சகக்காரர்கள் ஒவ்வொரு நோட்டீஸின் அடிவரியையும் ரெண்டு தடவை சரிபார்ப்பது இதற்காகத்தான். மீமுக்கு அடிவரி கிடையாது. கட்சியோ வேட்பாளரோ காசு கொடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று 2013-இலேயே தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. தனிப்பட்டவர் தன் கணக்கில் போடும் படம், வீடியோவுக்கு அந்த விதி இல்லை. அது நியாயமும்கூட, நீங்களும் நானும் எழுதுவதற்கெல்லாம் அனுமதி வாங்க முடியுமா? ஆனால் காசு கைமாறுவது அந்த இடைவெளியில்தான்.

எப்படி என்று கேட்டால், சினிமா மீம் பேஜ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூணு, நாலு வருஷம் நடிகர், கிரிக்கெட், காலேஜ் அரியர், காதல் தோல்வி என்று ஓட்டுவார்கள். லட்சக்கணக்கில் ஆள் சேரும். அரசியல் பிடிக்காதவர்கள்தான் அதில் அதிகம். தேர்தல் தேதி அறிவித்ததும் பத்து சினிமா மீமுக்கு நடுவில் ஒன்று அரசியலாக வரும். அதுவும் எந்தத் தலைவரையும் புகழ்ந்து வராது. எதிராளியைக் கிண்டலடித்து மட்டும் வரும். ஏனென்றால் புகழ்ந்தால் 'பெய்டு போஸ்ட்' என்று கமெண்டில் கழுவி ஊற்றிவிடுவார்கள். கிண்டலடித்தால் 'அட்மின் மாஸ்' என்பார்கள். மேலே ஏஜென்சி, அதற்கும் மேலே யாரோ. அட்மின் பையனுக்கே பல சமயம் மேலே யார் என்று தெரியாது, ஜிபேயில் காசு வந்தால் சரி. இந்தக் கட்சி அந்தக் கட்சி என்றில்லை, நம்ம பக்கம் எல்லாரும் இதைச் செய்கிறார்கள்.

வெளியூரில் இதே வித்தை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், மியான்மரில் அழகுக் குறிப்பு, பொழுதுபோக்குப் பேஜ்கள் என்ற போர்வையில் ராணுவத்தோடு தொடர்புடையவர்கள் நடத்திய பக்கங்களை 2018 அக்டோபரில் ஃபேஸ்புக் நீக்கியது. ரோஹிங்யா மக்கள் மீதான வெறுப்பு அங்கே எப்படிப் பரவியது என்று ஐ.நா. உண்மை அறியும் குழு அந்த வருஷமே அறிக்கையில் எழுதியது. அமெரிக்காவில் 2016 மே மாதம் ஹூஸ்டன் நகரத்தில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால் எதிர்ப்பு ஆர்ப்பாட்டம் ஒன்று, ஆதரவு ஆர்ப்பாட்டம் ஒன்று, ரெண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. ரெண்டுக்கும் அழைப்பு விடுத்த ஃபேஸ்புக் பக்கங்களை நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே நிறுவனம். அந்த நிறுவனத்தின் பதிவுகள் சுமார் 12 கோடியே 60 லட்சம் அமெரிக்கர்களின் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே நாடாளுமன்றத்தில் சொன்னது. அவர்களுக்கு யார் ஜெயிக்கிறார்கள் என்பதோடு, ரெண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு நிற்பதும் வேண்டியிருந்தது. உங்க மாமா மீமும் சித்தப்பா மீமும் ஒரே கடையில் தயாராகியிருக்கலாம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்கள் தொழிலில் அதிசயம் இல்லை.

மேடை போட்டுக் கொடுக்கும் நிறுவனங்களையும் சும்மா விட முடியாது. 2017-இல் ஃபேஸ்புக் தன் கணக்கீட்டில் ஒரு லைக்குக்கு ஒரு மதிப்பு என்றால், கோப முகம் உள்ளிட்ட எமோஜிகளுக்கு ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. பின்னால் கோபத்தின் மதிப்பைக் குறைத்துக் குறைத்து 2020-இல் பூஜ்யமாக்கினார்கள். அதற்குள் எரிச்சலூட்டுகிற படம்தான் மேலே வரும் என்பதை எங்க ஊர் அட்மின்கள்கூடக் கண்டுபிடித்துப் பழகிவிட்டார்கள்.

இப்போது என் தொழிலுக்கு நெருக்கமான ஒன்றுக்கு வருகிறேன், நியூஸ் கார்டு. டிவி சேனல்கள் போடும் சதுரப் படம்: மேலே லோகோ, நடுவில் தலைவர் போட்டோ, கீழே தடித்த எழுத்தில் அவர் சொன்னது, ஓரத்தில் தேதி, நேரம். தமிழ்நாட்டில் மீமைவிட ஆபத்தானது இதுதான் என்பது என் கருத்து, ஏனென்றால் இதில் சிரிப்பே கிடையாது. நம்பகமான கடையின் பையில் வேறு சரக்கைப் போட்டுக் கொடுக்கிற வேலை. ஒரு தேர்தல் சமயம் ஒருவர் கடைக்கு வந்து போனை நீட்டி, "அண்ணே, படம், லோகோ எல்லாம் அப்படியே இருக்கட்டும், இந்த ரெண்டு வரியை மட்டும் மாத்திக் கொடுங்க" என்றார். முடியாது என்றேன். கோபித்துக்கொண்டு போனார். சாயங்காலம் அதே கார்டு, அவர் கேட்ட அதே ரெண்டு வரியோடு, மூணு குரூப்பில் எனக்கே வந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். செய்தவன் அவசரக்காரன். எழுத்து இருந்த இடத்தைப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தான். அந்தப் பட்டை மட்டும் வழவழவென்று சுத்தமாக இருந்தது. சுற்றிலும் போட்டோ பத்துக் கைமாறி வந்ததால் புள்ளி புள்ளியாகச் சிதைந்திருந்தது. ஒரே படத்தில் ஒரு பகுதி மட்டும் சுத்தமாக இருந்தால் அங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எழுத்துரு அடுத்தது. அந்த சேனல் காசு கொடுத்து வாங்கிய எழுத்துரு வைத்திருக்கிறது. அதில் புள்ளி எழுத்தின் தலைக்கு நேர் மேலே வட்டமாக நிற்கும். இவன் போட்டது கம்ப்யூட்டரோடு இலவசமாக வரும் எழுத்துரு, புள்ளி வலது பக்கம் ஒதுங்கி நின்றது. மேற்கோள் குறி சேனலில் ரெட்டை, இதில் ஒற்றை. எல்லாவற்றுக்கும் மேலே, ஓரத்தில் இருந்த தேதியை மாற்ற மறந்துவிட்டான். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. தேர்தல் அறிவிப்பே வராத நாளில் தலைவர் தேர்தல் அறிக்கை பற்றிப் பேசியதாகப் போட்டிருந்தான். ஆயிரக்கணக்கில் ஃபார்வர்டு ஆன படத்தில் ஒருவர்கூடத் தேதியைப் பார்க்கவில்லை.

மறுநாள் சேனல்காரர்கள் அந்தப் படத்தின் மேலேயே சிவப்பில் 'போலி' என்று முத்திரை குத்தி வெளியிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் திருத்தம் வந்த பிறகும் முதலில் கேட்ட பொய் நம் முடிவுகளில் தொடர்ந்து வேலை செய்யும் என்று 1994-இலேயே மனவியல் ஆய்வு காட்டியிருக்கிறது. பொய் ஓடுகிற வேகமும் வேறு. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய செய்திகளை எடுத்து எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, பொய்ச் செய்தி மறுபகிர்வாகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம்; 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. அதைப் பரப்பியதில் எந்திரக் கணக்குகளைவிட மனிதர்கள்தான் முன்னால் நின்றார்கள்.

இனி போலி கார்டுகூடத் தேவைப்படாது. 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால் மறைந்த கலைஞர் செயற்கை நுண்ணறிவு வீடியோவில் பேசினார், மறைந்த ஜெயலலிதாவின் குரலில் தொண்டர்களுக்கு அறிக்கை வந்தது. ரெண்டும் அந்தந்தக் கட்சிகளே சொல்லிச் செய்தவை. சொல்லாமல் செய்கிறவன் என்னென்ன செய்வான் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பொய்யே கலக்காத மீமும் பிரசாரம்தான். தோப்பூர் எய்ம்ஸைப் பாருங்கள். 2019 ஜனவரி 27-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2021 தேர்தலில் உதயநிதி ஒற்றைச் செங்கலைத் தூக்கிக் காட்டி, இதுதான் எய்ம்ஸ் என்றார். மேடைப் பேச்சாகவும் மீமாகவும் அதற்கு இணையாக அந்தத் தேர்தலில் வேறொன்று இல்லை. அதில் பொய்யும் இல்லை. பஸ் ஏறித் தோப்பூர் போனால் அன்றைக்கு யாரும் கண்ணால் பார்க்கலாம். முதல் மாணவர்களுக்கு 2022-இல் வகுப்பு நடந்ததே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான். ஆனால் செங்கல் எதைச் சொல்லவில்லை? ஏன் தாமதம் என்பதை. ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனை நம்பிய திட்டம் அது; கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது; மதிப்பீடு 1,977 கோடியைத் தாண்டியது. பிற மாநில எய்ம்ஸ்களுக்கு இல்லாத இந்தக் கடன் ஏற்பாடு மதுரைக்கு மட்டும் எதற்கு என்ற கேள்விதான் உண்மையில் சூடான கேள்வி. அது ஒரு செங்கலில் அடங்காது. எதிர்த்தரப்பு மீம்களோ மாநில அரசு கட்டாமல் விட்ட வேறு கட்டடங்களைக் காட்டின. கடன் ஒப்பந்தம் பற்றி ரெண்டு பக்க மீமும் மூச்சு விடவில்லை.

நேரில் தெரியாத இடத்தில்தான் மீம் ஒட்டும் என்று சொன்னேன் அல்லவா? 2023 மார்ச்சில் நடந்தது அதற்குச் சாட்சி. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று, சம்பந்தமே இல்லாத பழைய வீடியோக்கள் வடக்கே பரவின. இங்கே மாட்டுத்தாவணி ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் அம்மா ஊரிலிருந்து அழுதுகொண்டே போன் செய்கிறாள். அவள் தமிழ்நாட்டைப் பார்த்ததில்லை. பையன் சொல்வதைவிட பக்கத்து வீட்டுக்காரன் காட்டிய வீடியோ அவளுக்குப் பெரிதாகப் படுகிறது. பலர் மூட்டை கட்டி ரயில் ஏறினார்கள். பீகார் அரசு குழு அனுப்பிப் பார்க்க வேண்டி வந்தது. அந்த வழக்கில் பீகார் யூடியூபர் ஒருவரை மதுரைக்குக் கொண்டுவந்து, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் மத்திய சிறையில் வைத்தார்கள். அந்தக் காவலை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த வருஷமே ரத்து செய்தது. பொய்ச் செய்திக்கு அந்தச் சட்டம் சரியான மருந்தா என்றால், எனக்கும் அதில் உடன்பாடு இல்லை.

திருப்பரங்குன்றமும் அப்படித்தான். அடிவாரத்தில் முருகன் கோயில், மேலே காசி விஸ்வநாதர் கோயில், சிக்கந்தர் தர்கா. சின்ன வயசிலிருந்து ஏறி இறங்குபவனுக்கு அது மலை. 2025 பிப்ரவரியில் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுகிற அளவுக்குச் சூடு ஏறியபோது, என் போனுக்கு வந்த படங்களில் அந்த மலையைக் கிட்டப் போய்ப் பார்த்தவன் செய்ததாகத் தோன்றியவை கொஞ்சம்தான்.

அப்புறம் பட்டப்பெயர்கள். பா.ஜ.க.காரருக்குச் சங்கி, தி.மு.க.காரருக்கு 200 ரூபாய் உபி, அ.தி.மு.க.காரருக்கு அடிமை, நாம் தமிழர் கட்சிக்காரருக்குத் தும்பி. எந்தக் கட்சியும் இதில் சளைத்தது இல்லை. ஒருவர் குடிதண்ணீர் வரவில்லை என்று எழுதினால், பதிலாக இந்தப் பட்டங்களில் ஒன்றை ஒரு மீமில் வைத்து அடித்தால் போதும், தண்ணீர் பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிடும். சாதாரண ஆள் அடுத்த முறை எழுதவே யோசிப்பான். உங்க குரூப்பில் பேசாமல் இருக்கிற அந்தப் பத்துப் பேர் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் சொன்னதும் மீமையே தடை செய்யலாமே என்று சிலர் கிளம்புவார்கள். அது கூடவே கூடாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் கூட்டம் சேர்ந்ததில், செல்லூர் பக்கம் வைகைப் பாலத்தில் ரயில் நின்றதில், மீமுக்குப் பெரிய பங்கு உண்டு. கட்சி இல்லை, தலைவர் இல்லை, போஸ்டர் அடிக்கக் காசும் இல்லை. பையன்கள் கையில் இருந்தது போன் மட்டும். 2019 மே மாதம் பாகிஸ்தான் பேஜ் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு இதற்கு உங்க ஊரில் என்ன பெயர் என்று கேட்கப் போக, அது 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த நேசமணிக்காகப் பிரார்த்தனையாகி 29-ஆம் தேதி உலக அளவில் ட்ரெண்ட் ஆனது. மறுநாள் பிரதமர் பதவியேற்பு. அதை ஒரு தரப்பு எதிர்ப்பு என்றது, இன்னொரு தரப்பு வெட்டி வேலை என்றது. மதுரைக்காரர் வடிவேலுவுக்கே விஷயம் பிறகுதான் தெரிந்தது. அவர் 2011-இல் ஒரு கட்சி மேடையில் ஏறிப் பேசியதற்காகப் படவாய்ப்பை இழந்தவர். அவர் முகமோ இன்றைக்கு எல்லாக் கட்சிக்கும் ஊழியம் செய்கிறது.

அதிகாரத்தில் இருப்பவருக்குக் கேலி பிடிக்காது. வாடிப்பட்டிப் பக்கம் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போய்விட்டு, போட்டோவோடு 'துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்காகச் சிறுமலை பயணம்' என்று ஃபேஸ்புக்கில் தமாஷாகப் போட்டார். போலீஸ் நிஜமாகவே வழக்குப் போட்டது. 2021 டிசம்பரில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். கேலிச்சித்திரக்காரர்கள் தீர்ப்பு எழுதியிருந்தால் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கடமைகளில் சிரிக்கும் கடமையையும் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள் என்று எழுதினார். வழக்கு, போலீஸ், தடை என்று போனால் முதலில் மாட்டுவது சிறுமலைக்குப் போனவர்தான். ஏஜென்சிக்காரன் மாட்ட மாட்டான்.

உங்க மாமா விஷயத்துக்கு வருகிறேன். குரூப்பில் வைத்து அவரை மடக்காதீர்கள். பெரிய மனுஷர், மருமகப் பிள்ளைகள் முன்னால் விட்டுக்கொடுக்க மாட்டார். தனியாகக் கூப்பிட்டு, "மாமா, இது உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேளுங்கள். படத்தின் மேலே ரெட்டை அம்புக்குறி இருந்தால் அது அஞ்சு கையாவது மாறி வந்தது. அவருக்குத் தெரிந்த யாரும் செய்தது இல்லை. அதனால்தான் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நியூஸ் கார்டு என்றால் அந்த சேனலின் சொந்தப் பக்கத்தில் அந்தத் தேதிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். யூடர்ன் போன்றவர்கள் தமிழிலேயே சரிபார்த்து எழுதுகிறார்கள். 2023-இல் தொடங்கிய தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகமும் இருக்கிறது. ஆனால் அரசைப் பற்றிய செய்தியை அரசே சரிபார்க்கும்போது இன்னொரு இடத்திலும் பார்த்துக்கொள்வது நல்லது.

பொய் என்று தெரிந்தால், முத்திரை குத்திய அந்தப் படத்தையும் திரும்ப குரூப்பில் போடாதீர்கள். முத்திரையை வெட்டிவிட்டு மறுபடி கிளப்ப ஒரு நிமிஷம் ஆகாது. எது உண்மையோ அதை மட்டும் ரெண்டு வரியில் எழுதுங்கள். சித்தப்பா போடுவது உங்களுக்குப் பிடித்த பக்கத்து மீமாக இருந்தாலும் அவரையும் அதே கேள்வி கேளுங்கள், இல்லையென்றால் மாமா உங்களுக்கு அன்றைக்கே ஒரு பட்டம் வைத்துவிடுவார்.